தேங்கா பாத்துச் சேத்த காலேஜ்

ஏனுங்க சார், காலைச் சித்த அக்கட்டால வெச்சுக்கறீங்களா? கீழ பையில தேங்கா இருக்குதுங்க. எத்திவிட்டீங்கன்னா உருண்டு டிரைவர்கிட்டப் போயிரும். பிரேக்குக்கு அடியில மாட்டுச்சுன்னா அப்பறம் நாம தூத்துக்குடிக்குப் போக மாட்டோம், நேரா மேலதான்.

கோயிலுக்கு இல்லீங்க. மதுரையில ஏறுறப்ப கண்டக்டரும் அதைத்தான் கேட்டாரு, திருச்செந்தூருக்கான்னு. மூக்காலயே பேசறாருங்க, கவனிச்சீங்களா? "படியில நிக்காத, உள்ள போ, உள்ள போ." பாத்தீங்களா, முன்னாடி நிக்கற பெரியவர் உள்ள நகர்றாரு. நாஞ் சொன்னதைக் கண்டக்டர் சொன்னதுன்னு நெனச்சுக்கிட்டாரு. பாவம், விடுங்க.

இது தொழில் தேங்காய்ங்க. என்ற பேரு அர்த்தனாரி, ஊரு திருச்செங்கோடு. எங்கூருல தடுக்கி விழுந்தா ஒண்ணு கெணத்துக்குப் பதிலா போர்வெல் தோண்டற போர் வண்டி மேல விழுகோணும், இல்லீன்னா போர் வண்டிக்காரன் மேல விழுகோணும். அந்த வண்டி காட்டுக்குள்ள வர்றதுக்கு முந்தி, எந்த எடத்துல தண்ணி இருக்குதுன்னு ஒருத்தன் பாத்துச் சொல்லோணுமில்லீங்க? அந்த ஒருத்தன் நானு. உரிச்ச தேங்காயக் குடுமியோட உள்ளங்கையில படுக்க வெச்சுக்கிட்டு அப்படியே காடு பூரா நடப்பேன். கீழ ஊத்து இருந்துச்சுன்னா தேங்கா தானா எந்திரிச்சு நிக்கும். நான் ஒண்ணும் பண்றதில்லீங்க. கையைக்கூட அசைக்க மாட்டேன். ரத்தம் ஓ பாசிட்டிவா இருக்கோணும், அவ்வளவுதான். உங்களுக்கு என்ன ரத்தமுங்க? தெரியாதா? மொகத்தப் பாத்தா ஏ மாதிரித் தெரியுது. சரி விடுங்க, எல்லாருமே ஓ-வா இருந்தா என்ற பொழப்பு என்னாகறது.

என்ற தேங்காய்க்கு ஒரு ஒழுக்கம் உண்டுங்க. மத்தவங்க தேங்கா முள்ளுக்குள்ள நிக்கும், பாறை இடுக்குல நிக்கும், கண்ட எடத்துல நிக்கும். என்றது லாரி போய் நிக்கறதுக்குத் தோதான எடமாப் பாத்துத்தான் நிக்கும். அண்ணந்தம்பி பாகத் தகராறா? என்னயக் கூட்டிட்டுப் போனது அண்ணன்னா அண்ணன் காட்டுல நிக்கும். தம்பி கூட்டிட்டுப் போனா தம்பி காட்டுல. எங்க பக்கம் தண்ணி அவ்வளவு ஞாயமா ஓடுதுங்க கீழ.

இப்ப என்ற புள்ளையப் பாக்கத்தான் போறேன். கோகிலவாணின்னு பேரு. தூத்துக்குடியில ஜியாலஜி படிக்கறா. மொதல் வருசம். ஜியாலஜின்னா ஆருக்கும் தெரிய மாட்டேங்குதுங்க. எங்க வீதியில ஒரு அம்மா, படிச்சு முடிச்சா ஊசி போடுமான்னு கேக்குது. கல்லுப் படிப்புங்க. பூமிக்குள்ள என்ன கல்லு, என்ன மண்ணு, எப்ப வந்துச்சு, ஏன் வந்துச்சு, அதான் படிப்பு. கல்லு எதுக்கு வரும், அது பாட்டுக்குக் கெடக்குதுன்னு நானும் கேட்டேன். அதைக் கண்டுபுடிக்கத்தான் மூணு வருசமாம்.

அவளுக்கு பி பாசிட்டிவ். அவங்கம்மா வழி. பொறந்தன்னிக்கே ஆஸ்பத்திரியில சொல்லிப்போட்டாங்க, எனக்குப் பொக்குன்னு போச்சு. தொழில் என்னோட முடிஞ்சுதுன்னு வெச்சுக்கிட்டேன். ஆனா அவ விடலீங்க. லீவு நாள்ல என்கூடவே காட்டுக்கு வருவா. போர் போடறப்ப உள்ளருந்து பொடி வரும் பாருங்க, மேல செவப்பா வரும், பொறவு சாம்பலா வரும், கருப்பா வரும், மினுமினுன்னு வரும். எல்லாரும் தண்ணி வருதான்னு பாத்துக்கிட்டு இருப்போம், இவ பொடியப் பாத்துக்கிட்டு இருப்பா. ஹார்லிக்ஸ் பாட்டில்ல புடிச்சுப் புடிச்சு வெச்சுக்குவா. ஒரு பொங்கலுக்கு அவங்கம்மா அதைக் கலர்க் கோலப்பொடின்னு நெனச்சு வாசல்ல போட்டுப்போட்டா. சாந்தாமணின்னு பேரு, என்ற சம்சாரம். ஊருலயே எங்க வீட்டுலதாங்க நானூறடி ஆழத்துக் கோலம். புள்ள அன்னிக்குப் பூரா சோறு திங்கல.

பிளஸ் டூ முடிச்சா. மார்க்கு நெம்ப நல்ல மார்க்கு. உடனே வந்துட்டான் என்ற மச்சினன் நல்லதம்பி. செராக்ஸ் கடை வெச்சிருக்கறான். ஊருல ஆரு மார்க் சீட்டு வந்தாலும் அவன் மிஷினுக்கு அடியில போயித்தான் வரோணும், அதனால அவனுக்குப் படிப்பு பத்தி எல்லாந் தெரியுமாம். "மாமா, கல்லுக்கு எதிர்காலம் கெடையாது மாமா. கம்ப்யூட்டருக்குத்தான் மாமா." கன்னத்துல பாக்கு அடக்கிக்கிட்டே பேசுவான், இப்படி, பாருங்க, ஒரு கன்னம் இட்லியாட்டம். கல்லுக்கு என்னடா எதிர்காலம், அது உன்ற கம்ப்யூட்டர் போனப்பறமும் இருக்கும்டான்னு சொன்னேன். அம்மிணி, அதாங்க என்ற புள்ள, சிரிச்சா பாருங்க. எங்க வீட்டுல என்ற பேச்சுக்குச் சிரிக்கறது அவ ஒருத்திதாங்க. நான் சோத்துல கைவெச்சு போர் வண்டியாட்டம் சத்தம் குடுத்தேன்னா, நல்லதம்பியாட்டம் பேசுனேன்னா புரையேறிப் போயிரும் அவளுக்கு. சாந்தாமணி சிரிக்க மாட்டா. தம்பியச் சொன்னா எந்தப் பொம்பள சிரிப்பா.

எடம் ரெண்டு காலேஜுல கெடச்சுது. ஒண்ணு சேலத்துப் பக்கம், ஒண்ணு தூத்துக்குடி. பேரெல்லாம் எதுக்குங்க, ரெண்டுமே பெரிய காலேஜ். ரெண்டு பேரும் ஒரே வாரத்துல பதில் சொல்லச் சொல்லிட்டாங்க. இதுல எனக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு ஒண்ணுமே இல்லீங்க. சத்தியமா. சேலம்னா காலையில போயிட்டுப் பொழுதோட வந்துருவா, சூடாச் சோறு திம்பா, நான் அன்னிக்குப் பாத்த காட்டுக்காரங்களையெல்லாம் பண்ணிக் காட்டுனா உழுந்து உழுந்து சிரிப்பா. தூத்துக்குடின்னா போனாத் தீவாளிக்குத்தான். மத்தபடி எனக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்க.

அவளுக்குத் தூத்துக்குடி மேலதான் ஆசை. வாய் தொறந்து சொல்லல. ஆனா சேலத்தைப் பத்திப் பேசுனா தட்டப் பாத்துப் பேசுவா, தூத்துக்குடியப் பத்திப் பேசுனா என்ற மொகத்தப் பாத்துப் பேசுவா. அங்க கடலோரப் பாறைக்கெல்லாம் கூட்டிட்டுப் போவாங்களாம். உப்பளத்து மண்ணு, செக்கச்செவேல்னு மேடு மேடாக் கெடக்கற தேரி மண்ணு, என்னென்னமோ. எங்கம்மிணி கடலையே பாத்ததில்லீங்க. நானும் பாத்ததில்ல. எல்லா எடத்துலயும் தண்ணியா இருந்தா எனக்கென்ன வேலை அங்க?

அப்பத்தான் எனக்கு ரோசனை வந்துச்சு. நாம எதுக்கு மண்டைய ஒடைச்சுக்கோணும், தேங்காயக் கேப்போம்னு. புள்ள மூணு வருசம் இருக்கற எடம், தண்ணியில்லாத எடத்துல கொண்டுபோயி உட முடியுமா? ரெண்டு காலேஜுக்கும் போவோம், எங்க தேங்கா நிக்குதோ அங்க சேத்துருவோம்னேன். சாந்தாமணி ஒடனே ஒத்துக்கிட்டா. இருவது வருசமா நாஞ் சொன்னதுல அவ ஒத்துக்கிட்டது அது ஒண்ணுதான். நல்லதம்பிகூடத் தேங்கா பொய் சொல்லாது மாமான்னுட்டான். அம்மிணி மட்டும் தேங்காயையும் என்னயும் மாறி மாறிப் பாத்தா. பொறவு, சரிப்பா, ஆனா ரெண்டு எடத்துக்கும் ஒரே தேங்கா, நானும் கூட வருவேன்னா. வரட்டும், அதுக்கென்ன.

மொதல்ல சேலம். வாட்ச்மேன் தேங்காயப் பாத்துட்டு, சார், பில்டிங் பூசைன்னா மேனேஜ்மெண்ட்ல சொல்லியிருக்கோணும்னாரு. இது அட்மிசன் வேலைங்கன்னேன். கொழம்பிப் போயி உட்டுட்டாரு. வாசல் கேட்டத் தாண்டல சார், தாண்டவே இல்ல. தேங்கா சடார்னு நட்டுக்குச்சு. அந்த மாதிரி நின்னு நான் பாத்ததே இல்லீங்க. ராணுவத்துக்காரனாட்டம். திருச்செங்கோடு பஸ்சு நிக்குமே, அந்த ஸ்டாப்புக்கு நேரா. அம்மிணி கேட்டா, ஏம்ப்பா, சரியா நம்மூரு பஸ் நிக்கற எடத்துல நிக்குதேன்னு. தண்ணிக்குத் தெரியுமா அம்மிணி, எந்த பஸ்சு எங்க நிக்கும்னுன்னேன். அவ வர்ற வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியவே பாத்துக்கிட்டு வந்தா. நான் அந்த வாட்ச்மேனாட்டம் பேசிக் காட்டுனேன், அதுக்கும் சிரிக்கல. வெயிலு போலன்னு நெனச்சுக்கிட்டேன்.

முடிஞ்சுது, சேலம்தான்னு நான் சொன்னேன். இல்லப்பா, ரெண்டு எடமும் பாக்கறதாப் பேச்சுன்னுட்டா. பேச்சுன்னா பேச்சுத்தானே. கெளம்புனோம்.

தூத்துக்குடி. அய்யோ, அந்தக் காலேஜ நீங்க பாக்கோணும். எம்மாம் பெரிய எடம். தேங்காய வெச்சுக்கிட்டு நடந்தேன், நடந்தேன், கிரவுண்டு பூரா நடந்தேன். தேங்கா செத்த எலியாட்டம் கெடக்குது. அசையல. குடுமிகூட ஆடல. அதுக்கு நான் என்ன பண்றது சொல்லுங்க? எனக்கே வெசனமாத்தான் இருந்துச்சு. வெசனமாத்தான் இருந்துச்சு, நெசமா. பாத்தியா அம்மிணி, நான் ஒண்ணும் பண்ணலைன்னு கையை விரிச்சேன். அவ மொகம் சுண்டிப் போச்சு. டீ குடிக்கலாம்ப்பான்னா.

கேண்டீன்ல டீ வாங்கிக் குடுத்துட்டு, சித்த இருங்கப்பா, டிபார்ட்மெண்டுல பாத்ரூம் இருக்கான்னு பாத்துட்டு வர்றேன்னு போனா. போனவ வரவே இல்ல. நானும் டீயக் குடிச்சு முடிச்சு, கிளாஸ் அடியில இருந்த சக்கரையையும் நக்கிப்போட்டு உக்காந்திருக்கறேன். பாத்தா ஒரு கூட்டமே வருது அவகூட. முன்னாடி ஒரு மேடம். ஜெசிந்தா மேடம்னு, அந்தக் கல்லு டிபார்ட்மெண்டுக்கே அவங்கதான் தலை. பின்னாடி பூரா பசங்க, புள்ளைக. மேடம் நேரா என்கிட்ட வந்து, "பேசிக்கலி சார், நீங்க போர் வண்டி மாதிரி சத்தம் குடுப்பீங்கன்னு கேள்விப்பட்டோம்"னாங்க.

எப்படிங்க தெரியும் அவங்களுக்கு? நம்ம பேரு தூத்துக்குடி வரைக்கும் வந்திருக்குது பாருங்க. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

வேண்டாமுங்க மேடம், கூச்சமா இருக்குதுன்னேன். ஒருக்கா சொன்னேன், அவ்வளவுதான். எந்திரிச்சுட்டேன். டிபார்ட்மெண்டு படிக்கட்டுல என்னய நிக்க வெச்சாங்க. மொதல்ல வண்டி ஸ்டார்ட் பண்ணேன். கம்ப்ரஸர் ஓட்டுனேன். ராடு எறக்குனேன். கல்லு கெட்டியா வந்தா ஒரு சத்தம் வரும், மெதுவா வந்தா ஒரு சத்தம் வரும், அதையெல்லாம் கேட்டு மேடம் பசங்களுக்கு என்னமோ இங்கிலீசுல சொன்னாங்க. பொறவு தண்ணி வராத காட்டுக்காரனைப் பண்ணேன், அவன் கும்பிட்ட சாமிய அவனே வையறது. தண்ணி வந்த காட்டுக்காரனைப் பண்ணேன், அவன் பொண்டாட்டிய விட்டுட்டு டிரைவரக் கட்டிப்புடிக்கறது. நல்லதம்பியப் பண்ணேன், கன்னத்துல பாக்கோட. சிரிக்கறாங்க பாருங்க. ஒரு பையன் தரையிலயே உக்காந்துட்டான். ஒரு புள்ள கண்ணைத் தொடச்சுக்கிட்டு, அங்கிள், இன்னொருக்கா நல்லதம்பி பண்ணுங்கங்குது. எம்பட வீட்டுல ஒருத்தர் சிரிச்சாப் பெருசு, இங்க பாத்தா ஒரு டிபார்ட்மெண்டே சிரிக்குது. பெஞ்சு மேல ஏறி நின்னு பாக்கறாங்க. மேடமும் சிரிக்கறாங்க, வாயப் பொத்திக்கிட்டு. கடைசியா மேடத்தையே பண்ணேன். "பேசிக்கலி ஸ்டூடண்ட்ஸ், கல்லு ஈஸ் கல்லு." செத்தாங்க எல்லாரும்.

அப்பத்தான் அம்மிணி தேங்காய எடுத்து என்ற கையில வெச்சா. இத்தனை பேரு இருக்காங்க, ஒருக்கா காட்டுங்கப்பான்னா. நான் சொன்னேன், இங்கதான் நிக்கலையே அம்மிணின்னு. பரவால்ல, சும்மா புடிங்கன்னா. எல்லாரும் கழுத்த நீட்டிப் பாக்கறாங்க. நான் படிக்கட்டுல ஒரு அடி வெச்சேன்.

நின்னுச்சுங்க.

அதே தேங்கா. சேலத்துல நின்னதவிட ஒரு படி மேலேயே நின்னுச்சு. பசங்க கைதட்டுறாங்க, விசிலடிக்கறாங்க, செல்போனத் தூக்கிப் புடிக்கறாங்க. நான் அப்படியே நிக்கறேன், தேங்காயும் அப்படியே நிக்குது. அம்மிணி பக்கத்துல வந்து, மெதுவா என்கிட்ட மட்டும் கேக்கற மாதிரி, "அப்பா, நிக்குதுப்பா"ன்னா. அவ கண்ணு கலங்கியிருந்துச்சு. கடல் காத்துல மண்ணு அடிக்குதுங்க அங்க.

மொதல்ல கிரவுண்டுல ஏன் நிக்கலைன்னு கேக்கறீங்களா? நானும் ரோசிச்சேன். பஸ்சுல அவ்வளவு தூரம் குலுங்கி வந்திருக்குதில்லீங்க, தேங்காய்க்குக் களைப்பு. டீ குடிக்கற நேரம் ரெஸ்ட் எடுத்ததும் தெளிஞ்சிருச்சு. அந்த எடத்துல இன்னும் போர் போடலீங்க. டிபார்ட்மெண்டு படிக்கட்டாச்சே, ஒடைக்க விட மாட்டாங்களாம். அவ்வளவு தண்ணி கீழ கெடந்து என்ன புண்ணியம்.

ரெண்டு எடத்துலயும் நின்னுச்சே, அப்பறம் எப்படி முடிவு பண்ணீங்கன்னுதானே பாக்கறீங்க? கேட்டோரத்துல நின்னது பெருசா, படிக்கட்டுல ஏறி நின்னது பெருசா சொல்லுங்க. நானே சொல்லிட்டேன், தூத்துக்குடிதான் அம்மிணின்னு. நாந்தாங்க சொன்னேன், அவ சொல்லல.

இப்ப வீட்டுல ஒண்ணும் கொறையில்லீங்க. வெசனமெல்லாம் இல்ல. சோறு திங்கறப்ப கம்ப்ரஸர் ஓட்டுனா சாந்தாமணி எந்திரிச்சுப் போயி டீவி சத்தத்தக் கூட்டி வெச்சுக்கறா. சரின்னு நானும் கம்முன்னு திங்கறேன். ஒருநா எருமைகிட்ட நல்லதம்பியாட்டம் பேசிப் பாத்தேன். அது மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. அதுவும் அவன் கட்சி போலருக்குது.

தொழில்தான் கொஞ்சம் மந்தமுங்க. அவ போனதுல இருந்து தேங்கா எங்கயுமே சரியா நிக்க மாட்டேங்குது. மழை சரியில்ல பாருங்க. நாமக்கல் பக்கம் ஒரு நல்ல காடு, பக்கத்துல வாய்க்கால் ஓடுது, தண்ணி கண்ணுலயே தெரியுது, அங்கயும் படுத்துக்கிட்டே இருக்குது. காட்டுக்காரன், அண்ணா, தேங்கா தூங்குதுங்களான்னு கேக்கறான். தேங்காயத்தான் குத்தம் சொல்லோணும்னு பொள்ளாச்சியில இருந்து வேற தருவிச்சேன். அதுவும் தூங்குது. இந்தப் பையில இருக்கறது அன்னிக்குக் காலேஜுல நின்ன பழைய தேங்கா. உள்ள தண்ணி வத்தி, ஆட்டுனா கடகடங்குது. ஆனாலும் ராசியான தேங்கா.

எதுக்குக் கொண்டு போறேன்னு கேக்கலையே நீங்க. போன வாரம் அம்மிணி போன் பண்ணுனா. காலேஜுக்கு வாங்கப்பா, என்ற கிளாஸ்ல தேங்கா புடிச்சுக் காட்டோணும்னா. அவளோட புராஜக்ட்டாம். தலைப்பே நாந்தானாம். வரிசையா டிரம்மு வெச்சு, சிலதுல தண்ணி ஊத்தி, சிலதைக் காலியா வெச்சு, மேல பலகை போட்டு மூடிருவாங்களாம். என்ற கண்ணைக் கட்டி அதுமேல நடக்க உடுவாங்களாம். எவ்வளவு மரியாதை பாருங்க. இல்லீங்க சார், பரீட்சையெல்லாம் இல்ல, நீங்க வேற. மேஜிக் பண்ற பெரிய பெரிய ஆளுகளுக்குத்தான் கண்ணைக் கட்டுவாங்க. வெறும் ஆளுக்கு எவன் கட்டறான்? பொன்னாடைகூட போத்துவாங்கன்னு நெனைக்கறேன்.

ஒண்ணே ஒண்ணுதான் எனக்குப் புடிக்கல. நடக்கறப்ப ஆரும் பேசக்கூடாதாம், சிரிக்கக்கூடாதாம், கைதட்டக்கூடாதாம். கம்முன்னு இருப்பாங்களாம். அவளும் தள்ளி, கதவுக்கு வெளிய நின்னுக்குவாளாம். இதென்ன அம்மிணி, எழவு வீடான்னு கேட்டேன். அதுக்கு அவ சொல்றா, "நிக்கலைன்னாலும் பரவால்லப்பா. நீங்க வந்தாப் போதும்." பாருங்க சார், ஜியாலஜி படிக்கப் போனதும் தேங்கா மேல நம்பிக்கை கொறஞ்சு போச்சு. நிக்கலைன்னாலுமாம். நிக்காம எங்க போகும்? அப்பறம் சொன்னா, கிளாஸ் முடிஞ்சதும் சாயங்காலம் படிக்கட்டுல நல்லதம்பி புரோகிராம் வெச்சிருக்காங்களாம். பசங்க கேட்டுக்கிட்டே இருக்காங்களாம். அதுக்கு வேண்டி ரெண்டு பாக்கும் எடுத்து வெச்சிருக்கறேன்.

ஊரு வந்திருச்சுங்களா? காத்துல உப்பு வாசம் அடிக்குது. அதோ கண்டக்டரு, நம்ம மூக்கண்ணன், கத்தறாரு, "பஸ்டாண்ட் எறங்கு, பஸ்டாண்ட் எறங்கு." நான் இல்லீங்க, இது நெசமாலுமே அவருதான்.

இருங்க, தேங்காயக் கையில எடுத்துக்கறேன், கூட்டத்துல ஒடஞ்சுபோயிரும். வழி கொஞ்சம் விடுங்க. அதா, அங்க பாருங்க, அந்தத் தூணுக்குப் பக்கத்துல, பச்சைக் கொடை புடிச்சுக்கிட்டு நிக்குது பாருங்க, அதாங்க என்ற புள்ள. எளச்சுப்போயிட்டா. இல்ல, இல்ல, அப்படியேதான் இருக்கறா. இங்க பாக்க மாட்டேங்கறா. வேற பஸ்ச பாத்துக்கிட்டு இருக்கறா. அம்மிணி, இக்கட்ட, இங்க பாரு.

சார்.

சார், என்ற கையப் பாருங்க.

நிக்குது. நான் ஒண்ணும் பண்ணலீங்க, நீங்களே பாக்கறீங்கல்ல, எம்பட கை அசையுதா? எத்தனை மாசங் கழிச்சு நிக்குது தெரியுங்களா. இந்த பஸ்டாண்டுக்கு அடியில ஆறே ஓடுதுங்க. குடுமி எங்க சாயுதுன்னு பாருங்க, அந்தத் தூணுப் பக்கம். அம்மிணி நிக்கறதுக்கு நேர் கீழதான் ஊத்து. அவளைச் சித்த தள்ளி நிக்கச் சொல்லிப்போட்டு அங்க ஒரு கல்லு வெச்சு அடையாளம் பண்ணோணும். நகராட்சியில ஆரையாச்சும் உங்களுக்குத் தெரியுங்களா?

இருங்க, இருங்க. பாத்துட்டா. சிரிச்சுக்கிட்டே வர்றா. நான் இன்னும் ஒண்ணும் பண்ணிக் காட்டவே இல்ல, அதுக்குள்ள சிரிக்கறா.

சார், குடுமி திரும்புது. தூணை விட்டு இந்தப் பக்கம் வருது. நம்ம பஸ் படிக்கட்டுப் பக்கம். இன்னும் கிட்ட வருது. நானும் இத்தனை வருசமா எத்தனையோ காடு பாத்திருக்கறேன், நடந்து வர்ற ஊத்த இன்னிக்குத்தாங்க பாக்கறேன்.